ஒரு துளிக் குருதிக்குப் பின்: வடசென்னையில் நீரிழிவுப் பரிசோதனையும் உழைப்போரின் உரிமையும்

நீரிழிவைக் கண்டறியும் குருதிப் பரிசோதனை தமிழ்நாட்டில் இன்று கிடைத்தற்கரிய ஒன்றன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. அதுமுதல் குருதி அழுத்தமானியும் குளுக்கோமீட்டரும் ஏந்திய மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வருகின்றனர். தொற்றா நோய்களுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு 2024-இல் இத்திட்டத்திற்கு விருது வழங்கியது. சிற்றூருக்கென வகுக்கப்பட்ட பரிசோதனை முறை இப்போது நகரத்தின் தொழிலாளர் குடியிருப்புகளிலும் நடைமுறையில் உள்ளது.

ஆயினும் பரிசோதனை நடந்துவிட்டது என்பதாலேயே சிகிச்சை கிடைத்துவிட்டதாகாது. அது யாரைச் சென்றடைகிறது, அதன் முடிவு யார் கையில் இருக்கிறது, முடிவு தெரிந்த பின் என்ன நிகழ்கிறது என்னும் மூன்று கேள்விகளும் நமக்கு முதன்மையானவை. இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் வாழும் தலித் மக்களையும் பிற உழைக்கும் மக்களையும் முன்வைத்து இக்கேள்விகளை இக்கட்டுரையில் ஆராய்கிறோம். பரிசோதனைகள் எவ்வாறு செயல்படுகின்றன என்பதையும், அவற்றைச் சார்ந்து நாம் எவற்றைக் கேட்டுப் பெறலாம் என்பதையும் தொகுத்துத் தருகிறோம்.

‘வசதி படைத்தோர் நோய்’ என்னும் பழங்கதை

நீரிழிவு உட்கார்ந்து உண்போரின் நோய், உழைப்பவரை அண்டாது என்னும் நம்பிக்கை இன்னும் நம் குடியிருப்புகளில் நிலவுகிறது. ஒரு காலத்தில் அதற்கு ஓரளவு அடிப்படை இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் நடத்தப்பட்ட சென்னை நகர மக்கள்தொகை ஆய்வு, நடுத்தர வருவாய்க் குடியிருப்பு ஒன்றையும் குறைந்த வருவாய்க் குடியிருப்பு ஒன்றையும் ஒப்பிட்டது. நடுத்தர வருவாயினரில் 12.4 விழுக்காட்டினருக்கும் குறைந்த வருவாயினரில் 6.5 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின் அதே குடியிருப்புகளை மீண்டும் ஆராய்ந்தபோது முதல் பிரிவில் 15.4 விழுக்காடாகவும் இரண்டாம் பிரிவில் 15.3 விழுக்காடாகவும் அது மாறியிருந்தது. ஒரே பத்தாண்டில் இடைவெளி மறைந்துவிட்டது. ஏழைகளிடையே நோய் இரு மடங்கிற்கும் மேலாகப் பெருகியிருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய நாடளாவிய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் அது மதிப்பிட்டது. அதே ஆய்வின் முந்தைய கட்ட முடிவுகள் 2017-இல் வெளிவந்தபோதே, பொருளாதாரத்தில் முன்னேறிய சில மாநிலங்களின் நகர்ப்பகுதிகளில் வசதியுள்ளோரைவிட வறியோரிடம் நீரிழிவு மிகுந்திருப்பது வெளிப்பட்டது. நோய் பணக்காரர் வீட்டிலிருந்து நகர்ந்து, அதற்கு மருந்து வாங்க இயலாதவர் வீட்டில் குடியேறிவிட்டது.

இதற்கான காரணங்களைத் தனிமனிதரின் நாவடக்கத்தில் மட்டும் தேடுவது அநீதி. தாயின் வயிற்றில் ஊட்டமின்றி வளர்ந்த குழந்தை பிற்காலத்தில் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகிறது என்பது பல நாடுகளில் ஆராயப்பட்ட உண்மை. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தின்போது நெதர்லாந்தில் கருவிலிருந்தோர், நடுவயதில் சர்க்கரையைச் சீராகக் கையாள இயலாத உடலைப் பெற்றிருந்தனர். புனே அருகிலுள்ள சிற்றூர்களில் 1990-களில் தொடங்கிய தாய்மை ஊட்ட ஆய்வு, எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளின் உடலில் தசை குறைந்தும் கொழுப்பு ஒப்பளவில் மிகுந்தும் இருப்பதைக் காட்டியது. தலைமுறை தலைமுறையாகப் பட்டினி திணிக்கப்பட்ட சமூகங்களுக்கு இதன் பொருள் தெளிவானது. பாட்டியின் பசி பேரனின் குருதியில் சர்க்கரையாகத் தேங்குகிறது. நிலமும் கூலியும் மறுத்த சாதியமைப்பு, உடலின் வளர்சிதை மாற்றத்திலும் தன் சுவட்டைப் பதித்திருக்கிறது.

காற்றும் காரணமாகிறது. சென்னை, தில்லி ஆகிய இரு நகரங்களிலும் 12,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, காற்றிலுள்ள நுண்துகள் உயர உயர நீரிழிவு ஏற்படும் வாய்ப்பும் உயர்வதைக் கண்டது. அனல்மின் நிலையங்களும் சாம்பல் குளங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலைகளும் சூழ்ந்த மணலி, எண்ணூர் மக்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று.

அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் நீரிழிவால் கடுமையாக அவதியுற்றார். 1954-இல் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார், பார்வை மங்கியது, கால்வலி நடமாட்டத்தைக் குறைத்தது. 1956 டிசம்பர் 6 அன்று தமது 65-ஆம் வயதில் மறைந்தார். அவரைப் போற்றும் குடியிருப்புகளில் இந்நோயைப் பற்றிய தெளிவான அறிவும் பரவ வேண்டும்.

எந்தச் சோதனை எதைச் சொல்கிறது

வீட்டு வாசலில் விரல்நுனியைக் குத்தி எடுக்கப்படும் ஒரு துளிக் குருதி, அந்த நொடியில் உள்ள சர்க்கரையின் அளவை மட்டுமே சொல்கிறது. சாப்பிட்டீர்களா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாத இச்சோதனையில் 140 மில்லிகிராமுக்கு மேல் காட்டினால், உறுதிப்படுத்த மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. (இங்குக் கூறும் அளவுகள் அனைத்தும் ஒரு டெசிலிட்டர் குருதிக்குரியவை.) இது சல்லடை மட்டுமே, தீர்ப்பன்று. அந்த எண்ணை வைத்து ஒருவரை நீரிழிவு நோயாளி என்று அறிவிக்கவும் கூடாது. அதற்குக் குறைவாக இருந்தால் நோயில்லை என்று உறுதிகூறவும் கூடாது.

உறுதிப்படுத்தும் சோதனைகள் மூன்று. முதலாவது, குறைந்தது 8 மணி நேரம் உண்ணாதிருந்து நரம்பிலிருந்து குருதி எடுத்து ஆய்வகத்தில் அளப்பது. 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு. இரண்டாவது, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து 2 மணி நேரங் கழித்து அளப்பது. 200-உம் அதற்கு மேலும் நீரிழிவு. 140 முதல் 199 வரை முந்தைய நிலை. மூன்றாவது ஹெச்பிஏ1சி எனப்படும் சோதனை. குருதிச் சிவப்பணுவில் ஒட்டியுள்ள சர்க்கரையை அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை இது சொல்லும். 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் இதை ஏற்றது. இதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக்குறைவு போன்ற அறிகுறிகள் இல்லாதவருக்கு, ஒரே ஒரு முடிவைக் கொண்டு நோயை உறுதிசெய்யாமல் மறுமுறையும் சோதிப்பதே முறை.

சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பியிருத்தல் ஆகாது. பொதுவாகக் குருதிச் சர்க்கரை 180-ஐக் கடந்த பிறகே அது சிறுநீரில் வெளிப்படும். அதற்குள் நோய் நெடுந்தூரம் சென்றிருக்கும்.

குளுக்கோமீட்டரின் எல்லையையும் அறிந்திருத்தல் நன்று. பன்னாட்டுத் தரவிதியின்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 அளவீடுகள் 15 விழுக்காட்டு ஏற்ற இறக்கத்திற்குள் அமைந்தால் போதும். அதாவது உண்மையில் 140 உள்ள ஒருவருக்குக் கருவி 119 காட்டினாலும் 161 காட்டினாலும் அது பழுதான கருவி ஆகாது. சோதனைப் பட்டைகள் ஈரத்திற்கும் வெப்பத்திற்கும் கெடுபவை. டப்பாவை மூடாமல் வெயிலில் அலைந்தால் அளவு பிறழும். பழமோ இனிப்போ தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் அளவு பொய்யாக உயரும். சோப்பிட்டுக் கழுவி, உலர்த்தி, விரலின் பக்கவாட்டில் குத்துதல் வேண்டும். குத்தூசி ஒருவருக்கு ஒன்று. ஒருபோதும் மறுபயன்பாடு கூடாது. இவற்றைக் கேட்டுக்கொள்வது தன்னார்வலரை அவமதிப்பதன்று.

சோகை மறைக்கும் உண்மை

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை உள்ளது. நீரிழிவுப் பரிசோதனையில் இது பெரிய சிக்கலை உண்டாக்குகிறது. குருதியில் சிவப்பணுவின் பங்கு குறையும்போது குளுக்கோமீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை ஹெச்பிஏ1சி அளவையும் பொய்யாக உயர்த்தும். மாறாக, சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோயிலும், அண்மையில் குருதி ஏற்றிக்கொண்டோரிடமும் அதே சோதனை பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

ஆகவே சோகையுள்ள பெண்ணுக்கு ஒரே ஒரு எண்ணை நம்பி மாத்திரை தொடங்குவதும் பிழை. ஒரே ஒரு எண்ணை நம்பித் திருப்பி அனுப்புவதும் பிழை. நீரிழிவுக்குக் குருதி எடுக்கும்போதே ஹீமோகுளோபினையும் அளந்து, இரண்டையும் சேர்த்து மருத்துவர் படிக்க வேண்டும். சோகை மிகுந்த நம் பெண்களுக்கு இது சலுகையன்று. சோதனை சரியாக அமைவதற்கான முன்நிபந்தனை.

கேள்வித்தாளிலும் இத்தகைய ஓட்டை ஒன்று உண்டு. 30 வயது கடந்தோரிடம் சுகாதாரப் பணியாளர் நிரப்பும் படிவத்தில் வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, புகையிலை, மது ஆகியவற்றோடு பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நீரிழிவு உண்டா என்னும் கேள்வியும் மதிப்பெண் பெறுகிறது. பெற்றோர் ஒருமுறையேனும் சோதிக்கப்பட்டிருந்தால்தானே அதற்கு விடை தெரியும்? சோதனையே காணாமல் இறந்தவரின் பிள்ளை ‘இல்லை’ என்பார், மதிப்பெண் குறையும், முன்னுரிமைப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்படுவார். மெலிந்த உடலும் கடும் உழைப்பும் கொண்டவருக்கு இது மேலும் பொருந்தும். மதிப்பெண் எதுவாயினும் 30 வயது கடந்த அனைவருக்கும் குருதிச் சோதனை செய்வதே ஒடுக்கப்பட்டோருக்கு நியாயமான வழி.

சூணாம்பேடு காட்டிய வழி

சிற்றூர் மக்களிடம் பரிசோதனையை முழுமையாகக் கொண்டுசேர்க்க முடியுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே விடை உண்டு. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், சூணாம்பேட்டையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து 42 சிற்றூர்களில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒரு திட்டத்தை நடத்தியது. 20 வயது கடந்த 27,014 பேரில் 23,449 பேர், அதாவது 86.8 விழுக்காட்டினர், சோதிக்கப்பட்டனர். அவர்களில் 1,138 பேருக்கு நீரிழிவும் 3,410 பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது சோதனைக்குப் பின் நடந்தது. விழித்திரையைப் படமெடுக்கும் கருவி, காலின் உணர்ச்சியை அளக்கும் கருவி, இதய மின்வரைபடக் கருவி ஆகியவற்றுடன் தொலைமருத்துவ ஊர்தி ஊருக்குள் வந்தது. நீரிழிவு உள்ளோரில் 1,001 பேருக்குப் பின்விளைவுகள் ஆராயப்பட்டன. 18.2 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பும் 30.9 விழுக்காட்டினருக்கு நரம்புப் பாதிப்பும் தெரியவந்தன. ஊரிலேயே ஒரு சிகிச்சை மையமும் நிறுவப்பட்டது. ஓராண்டுக்குள் நோயாளிகளின் சராசரி ஹெச்பிஏ1சி 9.3-இலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. சென்னையிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 5 விழுக்காட்டிற்கும் குறைவே.

கண்ணும் காலும் அங்கேயே ஆராயப்பட்டன. மருந்தும் அங்கேயே கிடைத்தது. அளவு குறைந்ததா என்று மீண்டும் பார்க்கவும் பட்டது. சூணாம்பேட்டில் இயன்றது ஸ்டான்லி மருத்துவமனையின் நிழலில் வாழ்வோருக்கு இயலாமற்போக வேண்டியதில்லை.

வடசென்னையின் நேரக் கணக்கு

சிற்றூருக்கும் வடசென்னைக்கும் உள்ள வேறுபாடு தொலைவில் இல்லை, நேரத்தில் உள்ளது. வீடு தேடி வரும் தன்னார்வலர் பகலில் வருகிறார். அப்போது வீட்டில் இருப்போர் முதியோரும் வேலைக்குச் செல்லாத பெண்களுமே. விடியுமுன் தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளர், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கூடை சுமப்பவர், துறைமுகச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர், மணலி ஆலைகளில் இரவுப் பணி பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர், வடமாநிலங்களிலிருந்து வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருப்போர், எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர் ஆகியோர் அந்த நேரத்தில் வாசலில் இருப்பதில்லை.

பணி நேரம் சோதனையின் பொருளையே மாற்றுகிறது. ‘வெறும் வயிறு’ என்பது காலை வேளையைக் குறிப்பதன்று, உண்ணாத 8 மணி நேரத்தைக் குறிப்பது. இரவு முழுதும் தேநீரும் பன்னுமாய்ப் பணிபுரிந்துவிட்டுக் காலை 7 மணிக்குச் சோதனைக்கு வருபவர் வெறும் வயிற்றினர் அல்லர். நேர்மாறாக, ஒன்றும் உண்ணாமல் நான்கு மணி நேரம் மூட்டை தூக்கியவரின் விரல்நுனிச் சோதனை 140-க்குக் கீழ்க் காட்டலாம். நீரிழிவு இருந்தும் அவர் தப்பிவிடலாம். எப்போது உண்டார், எப்போது உழைத்தார் என்பதைக் குறிக்காத எண்ணுக்குப் பயன் குறைவு.

அரசிடம் இதற்கான கருவிகள் சில ஏற்கெனவே உள்ளன. 2023 ஜூன் 6 அன்று தமிழ்நாடெங்கும் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் இரவு 8 வரையும் இயங்குமாறு இவை வகுக்கப்பட்டவை. அந்த மாலை நேரமே கூலித் தொழிலாளருக்குரிய நேரம். மருத்துவரும் ஆய்வகப் பணியாளரும் அந்நேரத்தில் இருத்தலை உறுதிசெய்தால், ஒரு நாள் கூலியை இழக்காமலேயே சோதனையைச் செய்துகொள்ளலாம். பணியிடத்திற்கே சென்று சோதிக்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டமும் 2024-இல் தொடங்கப்பட்டது. அது நிரந்தரப் பணியாளரோடு நின்றுவிடாமல் வாயிலுக்கு வெளியே நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளரையும் எட்ட வேண்டும்.

தூய்மைப் பணியாளரின் நிலையைத் தனியே குறிப்பிட வேண்டும். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6-ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் போராடினர், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தலித் மக்கள், பெண்கள் மிகுதி. அவர்கள் கேட்ட பணி நிலைப்பாடு உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. நீரிழிவு நீண்டகால நோய். பணி கைமாறும்தோறும் காப்பீட்டு எண்ணும் மருத்துவப் பதிவும் அறுந்துபோனால், தொடர் சிகிச்சை என்பது பெயரளவில் நிற்கும்.

மேலும் நீரிழிவு காலின் உணர்ச்சியை மரத்துப்போகச் செய்யும். தகுந்த காலணியின்றிக் குப்பையில் இறங்கும் ஒருவரின் பாதத்தில் ஏறிய கண்ணாடிச் சில்லு வலிக்காமலே புண்ணாகும். புண் ஆறாமல் அழுகும். கடைசியில் விரலோ காலோ அகற்றப்படும். ஆதலால் பாதக் காப்புக் காலணி வழங்குவதும் நீரிழிவு மருத்துவத்தின் ஒரு பகுதியே. பாதப் புண்ணை முன்கூட்டியே கண்டறியத் தமிழ்நாடு அரசு நடத்தும் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தின் முதல் பயனாளிகளாகத் தூய்மைப் பணியாளர்கள் இருத்தல் வேண்டும்.

காசநோயும் நீரிழிவும் ஒரே வீட்டில்

நெரிசலான குடியிருப்புகளில் காசநோயும் நீரிழிவும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. நீரிழிவு உள்ளோருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு. காசநோய் வந்தபின் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. தமிழ்நாட்டில் 827 காசநோயாளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில் 25.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 24.5 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருந்தன. இருவரில் ஒருவருக்குச் சர்க்கரையில் கோளாறு.

காசநோயாளி ஒவ்வொருவருக்கும் சர்க்கரைச் சோதனையும், நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் அறிகுறி விசாரிப்பும் செய்தல் வேண்டும் என்பது தேசிய விதி. இருமலுக்காகச் செல்பவரின் விரலையும் குத்திப் பார்க்கச் சொல்வது நம் உரிமை.

முடிவு யாருக்குச் சொந்தம்

பணியிடத்தில் நடக்கும் சோதனையில் ஓர் இடர் உண்டு. முடிவு தொழிலாளரிடம் சேராமல் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தால், அது ‘உடற்தகுதி இல்லை’ என்று வெளியேற்றும் ஆயுதமாகிவிடும். அந்த அச்சம் இருக்கும்வரை தொழிலாளர் விரலை நீட்டத் தயங்குவர். அத்தயக்கத்தை அறியாமை என்று இகழ்வது தகாது. குறுகிய சந்துகளில் அக்கம்பக்கத்தார் கேட்க முடிவை உரக்கச் சொல்வதும், திருமணமாகாத பெண்களுக்கும் பணிதேடும் இளைஞருக்கும் தீங்காகலாம்.

உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில், கல்நார் ஆலைத் தொழிலாளர் தொடர்பான வழக்கில், தொழிலாளரின் உடல்நலமும் மருத்துவ வசதியும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, வரையறுக்கப்பட்ட வயதினருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனையை முதலாளியின் கடமையாக்குகிறது. பரிசோதனை முதலாளியின் கடமை என்றால், அதன் முடிவு தொழிலாளரின் உடைமை. எழுத்து வடிவில், அவருக்குப் புரியும் மொழியில், அவர் கையில் மட்டும் தரப்பட வேண்டும். நீரிழிவு இருப்பதைக் காட்டி எவரையும் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பதை ஒப்பந்த விதியிலேயே எழுத வேண்டும்.

தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தில் பதிவு பெற்ற ஒப்பந்தத் தொழிலாளர், நோயுற்று விடுப்பில் இருக்கும் காலத்திற்கு 70 விழுக்காட்டு ஊதியத்தை ஆண்டுக்கு 91 நாட்கள் வரை பெறலாம். ஒப்பந்தக்காரர் பங்களிப்புத் தொகையை முறையாகச் செலுத்துகிறாரா என்பதை ஊதியச் சீட்டில் பார்த்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

கண்டறிந்த பின்

தமிழ்நாட்டில் 2020-இல் நடத்தப்பட்ட மாநில அளவிலான ஆய்வு 17.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. அவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர் 10.8 விழுக்காட்டினரே. பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு, நோய் தெரியாமலோ, மருந்து தொடராமலோ, மருந்து போதாமலோ சர்க்கரை கட்டுமீறியிருந்தது. வீடு தேடும் திட்டம் இக்குறையைப் போக்கவே தொடங்கப்பட்டது. ஆகவே இத்தனை பேரைச் சோதித்தோம் என்னும் எண்ணிக்கையைக் கொண்டு அதன் வெற்றியை அளக்க இயலாது. இத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது என்பதே சரியான அளவுகோல்.

மெட்ஃபார்மின் விலை குறைந்த மாத்திரை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. தடையாயிருப்பது அதைப் பெறுவதற்கான நேரமும் தொடர்ச்சியும். நீர்நிலையோரக் குடியிருப்புகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் பெயர்த்தெறியப்பட்ட குடும்பங்கள், பழைய சுகாதார நிலையத்தின் பதிவையும் அங்கேயே விட்டுச் செல்ல நேர்ந்தது. குடியிருப்பு மாறினாலும் மருந்து மாறாமல் வருமாறு பதிவு ஆளோடு செல்ல வேண்டும்.

மருந்து உண்பவருக்கு மூன்று மாதத்திற்கொரு முறையோ குறைந்தது ஆறு மாதத்திற்கொரு முறையோ ஹெச்பிஏ1சி, ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனை, பாதப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், குருதியில் கிரியாட்டினின் ஆகியவை தேவை. சிறுநீரகம் செயலிழந்த பின் செய்யும் டயாலிசிஸ் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பணம் தருகிறது. அந்த நிலைக்கு ஆளாகாமல் காக்கும் சிறுநீர்ச் சோதனை அதைவிடப் பன்மடங்கு மலிவானது.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவதாக, எண்ணிக்கைகளைச் சாதிவாரியாகவும் தொழில்வாரியாகவும் மண்டலவாரியாகவும் அரசு வெளியிட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். சோதிக்கப்பட்டோரிலும், கட்டுக்குள் வந்தோரிலும், கால் இழந்தோரிலும் அவர்களின் பங்கு எவ்வளவு என்பது தெரிந்தால்தான் திட்டம் யாரை விட்டுவிட்டது என்பதும் தெரியும். தனிநபர் அடையாளம் வெளிப்படாமல் இதைச் செய்ய இயலும்.

இரண்டாவதாக, இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி மண்டலங்களில் விடியற்காலையிலும் மாலையிலும் ஞாயிறன்றும் சோதனை நடைபெற வேண்டும். தூய்மைப் பணியாளர் வருகைப்பதிவு செய்யும் இடத்திலும், மீன்பிடித் துறைமுகத்திலும், லாரி நிறுத்துமிடத்திலும் அது நடத்தப்பட வேண்டும். உறுதிப்படுத்தும் சோதனைக்குச் செல்லும் நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பாக வேண்டும்.

மூன்றாவதாக, விரல்நுனிச் சோதனையோடு ஹீமோகுளோபினும் பார்க்கப்பட வேண்டும். முடிவு தமிழிலும், புலம்பெயர்ந்து வந்தோருக்கு அவர்தம் மொழியிலும், எழுத்தில் தரப்பட வேண்டும்.

நான்காவதாக, இத்திட்டத்தைத் தோளில் சுமக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஊக்கத்தொகைக்குப் பணிபுரிகின்றனர். அவர்களும் உழைக்கும் பெண்களே. அவர்களுக்கு முறையான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் தராமல் மக்கள் நலத்தைப் பேணுவதாகக் கூறுவது முரண்.

இதைப் படிப்போர் தம் தெருவிலிருந்தே தொடங்கலாம். வீட்டில் 30 வயது கடந்த ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது சோதித்துக்கொண்டார், அளவு என்ன, அப்போது வெறும் வயிறா இல்லையா, யார் உறுதிசெய்தார், மறுசோதனை எப்போது என்னும் ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்தல் நன்று. தெருவுக்கு ஒருவராக இளைஞர்கள் இத்தாள்களைத் திரட்டி, பெயர்களை நீக்கி, வட்டார நலவாழ்வு மையத்திலும் வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் முன்வைத்தால், விடுபட்டோர் எத்தனை பேர் என்பது வெறும் கணிப்பாக இராமல் சான்றாகும். அச்சான்றைக் கையில் வைத்துக்கொண்டே மாலை நேர மருத்துவரையும், ஊதிய விடுப்பையும், தடையில்லா மருந்தையும் நாம் கேட்க முடியும்.